நிற்பவர்கள், இடமிருந்து வலம்

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணி நாற்பத்திரண்டுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் சரியாகத் தெரியும். அடுப்புக்கு மேலே உள்ள மணிக்கூட்டைப் பார்த்துத்தான் உலையில் அரிசியைப் போட்டேன். கையில் லீக்ஸ் வெட்டிய மணம். மொன்ட்ரியாலின் லாசாலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குசினி யன்னலுக்கு வெளியே நவம்பர் மாதத்து ஈரப்பனி, கொட்டுவதா நிற்பதா என்று முடிவெடுக்காமல் தூறிக்கொண்டிருந்தது.

கைத்தொலைபேசி ஒருமுறை துடித்தது. மகள். அவள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள்.

"அம்மா, ஒரு அன்ரி படத்தைக் கண்டிட்டா. இண்டைக்கு ஆறு மணிக்கு எங்கட வீட்டை வாறா. நான் அட்ரஸ் குடுத்திட்டன்."

கீழே மூன்று சிவப்பு இருதயங்கள்.

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எந்த அன்ரி என்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். சோறு பாதி வெந்தபடி கிடந்தது.

எங்கள் பழைய மாணவர் மலருக்கு எழுதும் மற்றவர்கள் விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பரிசளிப்பு விழாவைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதுவது அந்த மாரிகாலத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்ட மாரி. எந்தப் பட்டாளம் என்று கேட்காதீர்கள். எங்கள் வயதுக்காரருக்கு வந்துபோனது ஒன்றல்ல. நீங்கள் எல்லாரும் சயன்ஸ் மாஸ்ரரிடம் படித்தவர்கள். அதனால் இது உங்களுக்கும் சேரவேண்டிய கதை. நான்தான் இவ்வளவு காலம் வைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மகளுக்கு உடனே எடுத்தேன்.

"ஆரைக் கேட்டு அட்ரஸ் குடுத்தனீ?"

"அம்மா, அவ போனில அழுதா. நான் என்ன செய்யிறது?"

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்கள் வேண்டாம் எண்டுவீங்கள். நீங்கள் எல்லாத்துக்கும் வேண்டாம்தான். செ கொறெக்ற், அம்மா. ஒண்டும் நடக்காது."

செ கொறெக்ற். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாமே பரவாயில்லைதான். ஒன்றும் நடக்காது என்று என்னிடம் முன்பும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது என் அப்பா.

*

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்களில் சிலர் அதை எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் கண்டிருப்பீர்கள். ஆசிரியர் குழாம், ஒன்பது பேர் வாங்குகளில் இருந்தபடி, ஒன்பது பேர் பின்னால் நின்றபடி. பட்டணத்திலிருந்து படம்பிடிப்பவர் சைக்கிளில் வந்தார். பெட்டியைப் பின்னால் கட்டியிருந்தார். எட்டாம் வகுப்பு வாங்குகளை வெளியே தூக்கிவந்து போட்டோம். வெயில் கண்ணில் விழுகிறது என்று இரண்டு தரம் இடம் மாற்றினார். அப்பா முன்வரிசையில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஐந்தாவதாக நிற்பவர் சயன்ஸ் மாஸ்ரர். கடைசிக் கணத்தில் என்ன நினைத்தாரோ, மாஸ்ரர் தன் வலக்கையை அப்பாவின் தோளில் வைத்தார். அந்தக் கையில்தான் மணிக்கூடு. எல்லாரும் இடக்கையில் கட்டுவார்கள், அவர் வலக்கையில் கட்டுவார். இடக்கையால் கரும்பலகையில் எழுதும்போது மற்றக் கையைத் தூக்கி நேரம் பார்ப்பார். ஞாபகம் இருக்கிறதா?

படத்துக்குக் கீழே தடித்த மட்டையில் பெயர்கள் அச்சடித்திருந்தன. இருப்பவர்கள், இடமிருந்து வலம். நிற்பவர்கள், இடமிருந்து வலம். தலைப்பெழுத்துடன், பட்டத்துடன்.

மாஸ்ரரின் மகள் என் வகுப்பு. ஒரே வாங்கில் இருந்தோம். மாஸ்ரரிடம் ஒரு கண்ணாடிப் பட்டகம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சாமான் இல்லை, அவர் தன் படிப்புக் காலத்திலிருந்து வைத்திருந்தது. அதை எங்கள் இரண்டு பேருக்கும் வாரம் மாற்றி வாரம், கிழமைக்கு ஒருவராக இரவல் தந்தார். வெயிலில் பிடித்தால் சுவரில் ஏழு நிறம் விழும். அவள் தன் கிழமையில் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பாள் என்று தாய் முறையிடுவார். நான் என் கிழமையில் அதை நாக்கால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, குளிர்.

அந்த மாரியில் பட்டாளம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து இருந்துகொண்டது. வாங்குகளை உடைத்து எரித்துத் தேத்தண்ணி போட்டார்கள். மாஸ்ரர் ஒரு கடிதம் எழுதினார், பிள்ளைகள் படிக்கவேண்டும், கட்டடத்தைத் திருப்பித் தாருங்கள் என்று. சக ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கினார். எங்கள் வீட்டுக்கு மழையில் வந்து, கடிதம் நனையாமல் சேட்டுக்குள் வைத்திருந்து எடுத்தது கண்ணில் நிற்கிறது.

"வைக்காட்டியும் நான் கோவிக்கமாட்டன், சேர்" என்றார் மாஸ்ரர்.

"இதில என்ன இருக்கு? நாங்கள் படிப்பிக்கிற ஆக்கள். எங்களை என்ன செய்யப்போறாங்கள்? ஒண்டும் நடக்காது" என்று அப்பா கையெழுத்து வைத்தார்.

அம்மா குசினிக்குள் சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்.

*

இனி மேல்மாடிக்காரியைச் சொல்லவேண்டும். அவள் இல்லாவிட்டால் அந்தப் படம் அலுமாரிக்குள் குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில் இன்னும் கிடந்திருக்கும்.

அவள் கசகஸ்தானிலிருந்து வந்தவள், கசாக் இனத்தவள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் புதியவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் நானும் அவளும் ஒரே மேசை. இரண்டு பேருக்கும் இறந்தகாலம் வராது. பிறகு ஒரே கட்டடத்தில் வீடு கிடைத்தது. அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு பெட்டையளும் சேர்ந்து சரித்திரப் பாடத்துக்கு ஒரு வேலை செய்தார்கள், படங்களிலிருந்து அழிக்கப்பட்ட ஆசிரியர்கள் என்று.

அது மேல்மாடிக்காரியின் தாத்தாவிலிருந்து தொடங்கியது. தாயின் தகப்பன். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர்கள் நாட்டில் புரட்சி நடந்த காலத்தில் படித்தவர்கள் சிலர் சேர்ந்து பத்திரிகை நடத்தினார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள், கசாக் மொழியில் பிள்ளைகளுக்கு முதன்முதல் பாடநூல்கள் எழுதினார்கள். தாத்தாவும் ஒரு வாசிப்புப் புத்தகம் தொகுத்தார். ஆடு, குதிரை, ஆறு, பனி என்று சின்னப் பிள்ளைகளுக்கான பாடங்கள். பதினைந்து இருபது வருடத்தில் ஆட்சி அவர்கள் எல்லாரையும் விரோதிகள் என்றது. முப்பதுகளின் கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். மனைவியை, அப்படிப்பட்டவர்களின் மனைவிமாருக்கென்றே இருந்த முகாமுக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. ஆசிரியர்கள் வரிசையாக, உரோமத் தொப்பிகளுடன். நடுவில் ஒரு ஓட்டை. உறவினர் யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். தாத்தா இருந்த இடத்தில் மேசையின் நிறம் தெரியும்.

அதைப் பார்த்ததும் என் மகள் சொன்னாளாம், எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒண்டு இருக்கு, அதில மை என்று. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று கீழ்ப்பகுதியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பிரதியெடுத்து, எங்கள் படத்தை அலுமாரியில் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். பள்ளி நடைவழியில் தொங்கவிட்டார்கள். மகள் அதைப் போனில் பிடித்துப் போட்டாள். அது தமிழ் ஆட்களின் வாட்சப் குழுக்களுக்குள் போய், ஊர் சுற்றி, மொன்ட்ரியால்-நோரில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டில் மாஸ்ரரின் மகள் இருக்கிறாள் என்பது எனக்கு எட்டு வருடமாகத் தெரியும்.

ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில், எனக்குப் பின்னால் ஒரு குரல். "கொஞ்சம் சொதி விடுங்கோ." அவ்வளவுதான். நாற்பது பேருக்கு நடுவில் அந்தக் குரலை நான் பிடித்துவிட்டேன். பிளேட்டை மேசையில் வைத்துவிட்டு, தலையிடி என்று கணவரைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். பிறகு விசாரித்தேன். ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்கிறாளாம். நாங்கள் இருப்பது மொன்ட்ரியால் தீவின் ஒரு மூலை, அவள் மற்ற மூலை. பஸ், மெற்றோ, திரும்பவும் பஸ். அந்தத் தூரம் எனக்குப் போதுமாக இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினேன். எனக்குச் சனக்கூட்டம் ஒத்துவராது என்று என் கணவர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

மகள் அவளுடைய செய்தியை எனக்கு அனுப்பியிருந்தாள். "இந்தக் கை எங்கட அப்பாவின்ர கை. வலக்கையில மணிக்கூடு கட்டுறவர். ஒறிஜினல் படம் ஆரிட்ட இருக்கு, பிள்ளை?"

*

கடிதம் போய் ஒரு கிழமைக்குள் வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள். கடிதத்தில் கையெழுத்து வைத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு விட்டார்களாம். எழுதியது யார் என்றுதான் கேட்டார்களாம். மற்றக் கையெழுத்துகள் வெறும் கிறுக்கல், யார் யாரென்று தெரியாது. அவர் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நித்திரை இல்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

"கழட்டி வைப்பம்" என்றார்.

"கழட்டினா சுவரில வெள்ளையா அடையாளம் தெரியும். என்னத்தை ஒளிச்சனீங்கள் எண்டு கேப்பாங்கள்" என்றார் அப்பா.

"அந்தாள் உங்கட தோளில கை போட்டுக்கொண்டெல்லோ நிக்கிறார்."

"கை போட்டா? சிநேகிதன் கை போடாமல் ஆர் போடுறது?"

அடுத்த நாள் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றபோது அம்மா படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். கண்ணாடியைக் கழற்றினார். மை போத்தலை என் முன்னால் வைத்தார். அப்பா விடைத்தாளில் புள்ளி போடும் கறுநீல மை.  எனக்குத் தேசப்படம் கீறிக் கீறிக் கை உறுதி, வகுப்பில் முதல் பரிசு. ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றித் தந்தார்.

"மாஸ்ரரின்ர முகத்தை மூடு. பேந்து கீழ பேரையும் மூடு. ரெண்டையும். விளங்குதே?"

"ஏனம்மா?"

"கேளாத. செய்."

அம்மா கிணற்றடிக்குப் போனார், யாரும் வருகிறார்களா பார்க்க.

முகத்தை மூடினேன். முதலில் தாடை, பிறகு வாய், மூக்கு, கடைசியாகக் கண். கண்ணைக் கடைசிக்கு வைத்தது பயத்தில். வெளியே வழியாமல் வட்டமாக, அழகாகப் பூசினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பூசி முடித்துப் பார்த்தால் கழுத்துக்கு மேலே ஒரு கறுப்பு வட்டம். கீழே அப்பாவின் தோளில் அந்தக் கை அப்படியே இருந்தது. கையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பெயருக்கு வந்தேன். ஈர்க்கை மையில் தோய்த்தேன். தோய்த்தபடி வைத்திருந்தேன்.

உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும். எழுத்தின்மேல் கிறுக்கக் கூடாது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கினோம். வாசிப்புப் புத்தகத்தில் அச்சடித்திருந்த ஒரு சொல்லுக்குமேல் நான் மீசை கீறியிருந்ததை அப்பா கண்டுவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் என்னை அடித்தது அதற்குத்தான், அதுவும் விரலில் மெல்லமாக. ஆளைப் பூசலாம், எழுத்தைப் பூசக்கூடாது என்று அந்தப் பத்து வயது மூளை எப்படியோ ஒரு கணக்குப் போட்டது. ஈர்க்கில் இருந்த மையைப் பழைய பத்திரிகையில் துடைத்தேன்.

"ரெண்டையும் மூடிட்டியே?" அம்மா கிணற்றடியிலிருந்து கேட்டார்.

"ஓம்."

அம்மா பார்க்கவில்லை. அப்பா வருவதற்குள் கண்ணாடி போட்டுச் சுவரில் கொழுவவேண்டும் என்ற அவசரம். அப்பா வந்து பார்த்தார். அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, அன்று முழுவதும் அம்மாவோடு கதைக்கவில்லை.

*

இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்தார்கள். ஐந்தாறு பேர். சப்பாத்துச் சேறு விறாந்தை முழுவதும். பெட்டி, பெட்டகம், நெல்லுச் சாக்கு எல்லாம் கிண்டினார்கள். பெரியவன் ஒருவன் ஒன்றையும் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினெட்டுப் பேர் படத்தில் பதினேழு முகம் அவனுக்குத் தேவைப்படவில்லை. நேரே மையில் விரலை வைத்தான்.

"இது என்ன?" அரைகுறைத் தமிழ்.

"கூரை ஒழுகினது, ஐயா. மழைத் தண்ணி பட்டது" என்றார் அம்மா.

அவன் படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். மழை வட்டமாகப் பெய்யாது என்பது எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும். கீழே எழுத்துகளைக் கண்டான். வாசிக்கத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்து என்னைக் கண்டான்.

"பிள்ளை, வா. இதை வாசி."

அவன் அதட்டவில்லை. அதுதான் பிழையாகப் போனது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதட்டியிருந்தால் அழுதிருப்பேன், வாசிப்பு வந்திருக்காது. பெரியவர்கள் கேட்டால் எழுந்து நின்று உரத்து, முழுமையாகச் சொல்லவேண்டும் என்று வளர்த்த பிள்ளை நான். காலைக்கூட்டத்தில் வாசிப்பது எப்போதும் நான்தானே. அதே குரலில் தொடங்கினேன். "இருப்பவர்கள், இடமிருந்து வலம்." அவன் விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வந்தான். அப்பாவின் பெயர் வந்தபோது படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "நிற்பவர்கள், இடமிருந்து வலம்." ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அம்மாவின் கையில் இருந்த செம்பு தரையில் விழுந்தது. நான் நிற்பாட்டவில்லை. ஐந்தாவது பெயரை, தலைப்பெழுத்து இரண்டோடும், பட்டத்தோடும், பிழையில்லாமல் வாசித்தேன். பிறகு மற்ற நாலையும் வாசித்தேன்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அப்பா தலையை ஆட்டினார். பிள்ளை சரியாக வாசித்தால் ஆசிரியர் ஆட்டுவாரே, அப்படி. இருபது வருடப் பழக்கம். அடுத்த கணம் அவருடைய முகம் மாறியதையும் நான் கண்டேன்.

அவன் ஒரு துண்டில் எதையோ எழுதிக்கொண்டான். படத்தைத் திருப்பி என் கையில் தந்தான்.

அன்று பின்னேரம் ஊரடங்கு. மாஸ்ரருக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று அப்பா வாசல் படலைவரை போனார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் இரண்டு மணித்தியாலம் தளர்த்தினார்கள். அப்பா பையை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போய் மா வாங்கி வந்தார். மாஸ்ரர் வீட்டைத் தாண்டித்தான் சங்கக்கடை. மாஸ்ரர் வீட்டுக்குள் போனாரா, வாசலில் நின்று கூப்பிட்டாவது சொன்னாரா என்று அம்மா கேட்டார்.

"அவருக்கு ஒண்டும் நடக்காது. தேவையில்லாமல் பயப்படுத்துவானேன்" என்றார் அப்பா. மாவைத் தகரத்தில் கொட்டும்போது பாதி வெளியே போனது.

அதற்கு அடுத்த நாள் காலை மாஸ்ரரைக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வாகனத்துக்குப் பின்னால் சந்திவரை ஓடியதை ஊரே கண்டது. மாஸ்ரர் திரும்பி வரவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அம்மா என் விரல்களில் இருந்த மைக்கறையைத் தேசிக்காய்ப் பாதி கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பேரை ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை. மாஸ்ரரின் மகள் பள்ளிக்கு வரவில்லை. தாயும் பிள்ளையும் வீட்டில் இருந்த கடிதம், புத்தகம், படம் எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டு எரித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பட்டகம் எங்கள் வீட்டில் இருந்தது. அது அவளுடைய கிழமை. நான் கொடுக்கவில்லை. பிறகு நாங்கள் இடம்பெயர்ந்தபோது அது எந்தப் பெட்டியில் போனது என்று தெரியாது. படத்தை மட்டும் அப்பா வைத்திருந்தார். நான் கனடா வெளிக்கிட்டபோது, சட்டத்தைக் கழற்றிவிட்டு மட்டையோடு என் சூட்கேசின் அடியில் வைத்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

*

நாலே முக்காலுக்கெல்லாம் வெளியே இருண்டுவிட்டது. நான் அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்துக் குசினி மேசையில் வைத்தேன். மகளின் பென்சில் பையில் தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தது. மூடியைக் கழற்றினேன்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் பெயரைக் காணக்கூடாது என்று நினைத்தேன். பெயர் இருப்பதைக் கண்டால், முகத்தை மட்டும் பூசியது யார், பெயரை விட்டது யார், யார் வாசித்தது என்று ஒவ்வொன்றாக வந்துவிடும். அம்மா சொன்ன வேலையை இப்போதாவது செய்து முடிப்போம் என்று எனக்கு நானே சொன்னேன். மார்க்கரின் நெடி மூக்கில் ஏறியது.

கதவில் தட்டும் சத்தம்.  மேல்மாடிக்காரி. கையில் ஒரு கிண்ணம் நிறைய, எண்ணெயில் பொரித்த அவர்கள் ஊர் மா உருண்டைகள். ஆள் வருகிறார் என்று பெட்டையள் சொன்னார்களாம், வெறும் தேத்தண்ணி எப்படிக் கொடுப்பது என்று கொண்டுவந்திருக்கிறாள்.

மேசையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"இங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்றாள். நாங்கள் பேசுவது பிரெஞ்சில், இரண்டு பேரும் பிழை பிழையாக.

"பெயர்கள்."

"எதற்கு மார்க்கர்?"

நான் சொல்லிவிட்டேன். முழுவதும். கணவருக்குச் சொல்லாததை, மகளுக்குச் சொல்லாததை, இறந்தகாலம் வராத அந்த மொழியில், நான் பூசுகிறேன், நான் வாசிக்கிறேன், அப்பா தலை ஆட்டுகிறார் என்று நிகழ்காலத்திலேயே சொன்னேன்.  அவள் கிண்ணத்தை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"பெட்டையளுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது" என்றாள் பிறகு. "தாத்தாவைப் பிடித்தபோது என் பெரியம்மாவுக்கு ஒன்பது வயது. என் அம்மா கைக்குழந்தை. பெரியம்மா பள்ளிக்குப் போனாள். ஆசிரியை எல்லாரையும் வாசிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். தொகுத்தவர் பெயரின்மேல் மை பூசச் சொன்னாள்."

"தாத்தாவின் புத்தகமா?"

"தாத்தாவின் புத்தகம். பெரியம்மா கெட்டிக்காரி. வெளியே வழியாமல் பூசினாள். ஆசிரியை அதைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினாள், பாருங்கள், இப்படித்தான் பூசவேண்டும் என்று."

அவள் ஒரு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். சாப்பிடவில்லை.

"பெரியம்மா பெரிய ஆளான பிறகு பழைய புத்தகக் கடை எல்லாம் தேடினாள். பூசாத ஒரு பிரதி கிடைக்கவில்லை. முகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள், பெயரைத் தானே பூசினாள். என் அம்மா தன் தகப்பனை எங்கேயும் காணாமலே செத்துப்போனாள்." மேசையில் இருந்த படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "எங்கள் படத்தில் ஓட்டை. உன் மைக்குக் கீழே ஆள் இருக்கிறார்."

"நான் வாசிக்காமல் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றாள். ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். "பெரியம்மாவும் மையைக் கொட்டி விட்டிருக்கலாம்."

எழும்பினாள். என் கையிலிருந்து மார்க்கரை எடுத்து, மூடியைப் போட்டு, தன் கம்பளிச் சட்டைப் பையில் வைத்தாள்.

"அது மகளின்ரை" என்றேன், எனக்கே தெரியாமல் தமிழில்.

என்ன விளங்கியதோ, "நாளைக்குத் தருகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

*

மகள் ஐந்தரைக்கு வந்தாள். நனைந்த சப்பாத்தோடு குசினிக்குள் வந்து, மேசையில் படத்தையும் என்னையும் பார்த்தாள்.

"கோவமா, அம்மா?"

"இல்லை. சோறு அரைவேக்காடு. பாண் இருக்கு, சாப்பிடு."

"அம்மா, அந்த மையை ஆர் பூசினது? அந்த அன்ரி கேட்டா. எனக்குத் தெரியாது எண்டிட்டன்."

"அவ வரட்டும். அவவுக்கு முன்னால சொல்லுறன். நீயும் இரு."

ஆறு மணியானது. ஆறே கால். பனியில் பஸ் பிந்தும் என்று எனக்குத் தெரியும். வராமலே விட்டுவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைக் கண்டு எனக்கே பயம் வந்தது. மூன்று தரம் கேத்திலைப் போட்டு மூன்று தரமும் தண்ணி ஆறிவிட்டது. ஆறு மணி இருபதுக்குக் கீழ்வாசல் மணி அடித்தது.

மகள்தான் கதவைத் திறந்தாள்.

கட்டையான ஒரு பொம்பிளை. கம்பளித் தொப்பியில் பனி. மேல்கோட்டுக் கையில் யாரோ குழந்தை ஒட்டிவிட்ட நீல நட்சத்திரம், அவளுக்கே தெரியாமல். மாஸ்ரரின் தாடை அப்படியே. சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள்.

"என்னைத் தெரியுதோ?" என்றேன்.

"தெரியும். கலியாண மண்டபத்தில பிளேட்டை வைச்சிட்டுப் போனனீர்" என்றாள்.

மேசைக்கு வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. முதலில் கையைத் தொட்டாள். மணிக்கூட்டைத் தொட்டாள். மை வட்டத்தைத் தொடவில்லை. பிறகு விரல் கீழே இறங்கி மட்டைக்கு வந்தது. எழுத்துகளின்மேல் போனது. நின்றது. அவள் இதை எதிர்பார்த்து வரவில்லை என்று அவள் மூச்சில் தெரிந்தது.

"அப்பாவின்ர பேர்" என்றாள். "எங்களிட்ட ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் எரிச்சனாங்கள். அச்சில அப்பாவின்ர பேரை நான் கண்டதே இல்லை." பிறகு, நிமிராமலே, "பேரைப் பூசாமல் விட்டது ஆர்?"

"நான். முகத்தைப் பூசினதும் நான். அம்மா ரெண்டையும் பூசச் சொன்னவ."

மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"வீட்டை தேட வந்தவங்கள் இந்தப் பேருகளை என்னைக் கொண்டுதான் வாசிப்பிச்சவங்கள்" என்றேன். "நான் வாசிச்சனான். உங்கட அப்பாவின்ர பேரையும் வாசிச்சனான். அதுக்குப் பிறகு மூண்டாம் நாள்தான்…"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்று மூன்று நாற்பத்திரண்டிலிருந்து ஒவ்வொரு நிமிடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நேரத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று வந்து நின்று போனது.

பிறகு அவள் கதிரையை இழுத்து இருந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். படத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப எனக்கும் வாசி" என்றாள். "முதல்ல இருந்து. அண்டைக்கு வாசிச்ச மாதிரியே, உரத்து."